அந்த ஐந்து பேரில் அம்மம்மா இருக்கிறாவா?

உங்கள் போனில் தினமும் பாவிக்கிற ஒரு செயலியைத் திறந்து பாருங்கள். திரையின் அடியில் நாலைந்து பொத்தான்கள் வரிசையாக இருக்கும். அதுதான் கருவிப்பட்டை. சில செயலிகளில் அந்தப் பொத்தான்களை உங்கள் விருப்பத்துக்கு இடம் மாற்றலாம். வேண்டாததை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். சரி, கடைசியாக எப்போது அப்படி மாற்றினீர்கள்?

யோசிக்க நேரம் எடுக்கிறதா? உங்களுக்கு மட்டுமில்லை, பெரும்பாலான ஆட்களுக்கும் அப்படித்தான். "உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்" என்று செயலி சொல்கிறது. மாற்றுகிறவர்கள்தான் மிகக் குறைவு.

நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு செயலியை ஆட்களின் கையில் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. இதைப் பயன்பாட்டுச் சோதனை என்பார்கள். படிக்கும்போது இதை ஒரு நுட்பமாகத்தான் கற்றேன். அதற்குப் பின்னால் ஒரு போராட்ட வரலாறு இருப்பதும், அதில் பெரிய பங்கு நாங்கள் வளர்ந்த இந்த டென்மார்க்கில் நடந்ததும் பிறகுதான் தெரிந்தது. கேட்டுப் பாருங்கள். அம்மா, அப்பா, அம்மம்மாவுக்கும் இதில் ஒரு இடம் இருக்கிறது.

ஈய எழுத்திலிருந்து திரைக்கு

பழைய அச்சகத்தில் அச்சுக் கோர்ப்பவருக்கு முன்னால் ஒரு மரத்தட்டு இருக்கும். அதில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஒரு ஈய எழுத்து. அடிக்கடி தேவைப்படுகிற எழுத்துக்குக் கைக்கு எட்டுகிற பெரிய அறை. எப்போதாவது வருகிற எழுத்துக்கு ஓரத்தில் ஒரு சின்ன அறை. என்னைக் கேட்டால், அதுதான் நல்ல கருவிப்பட்டை. பல தலைமுறை வேலையாட்களின் கைப்பழக்கத்திலிருந்து வந்த ஒழுங்கு அது.

1970களில் அந்தத் தட்டு மறையத் தொடங்கியது. ஒளி அச்சுக்கோப்பும் கணினியும் வந்தன. அச்சுத் தொழிலாளர்களின் கேள்வி எளிமையானது: எங்கள் வேலையை மாற்றப் போகிற இயந்திரத்தைப் பற்றி எங்களிடம் ஏன் கேட்கவில்லை? 1977இல் கோப்பன்ஹேகனின் பெர்லிங்ஸ்கே பத்திரிகை நிறுவனத்தில் இந்தப் புதிய தொழில்நுட்பத்தை ஒட்டி எழுந்த தகராற்றில் அதன் பத்திரிகைகள் மாதக்கணக்கில் வெளிவரவில்லை.

இதே கேள்வியை நோர்வேயில் ஒரு கணினி அறிஞர் ஏற்கெனவே கையில் எடுத்திருந்தார். அவர் பெயர் கிறிஸ்டன் நிகார்ட். நீங்கள் நிரலாக்கம் படித்திருந்தால் 'ஒப்ஜெக்ட்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அந்த முறைக்கு வழி திறந்த சிமுலா மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர் இவர். 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, கணினித் திட்டங்களில் தொழிலாளர் எப்படிப் பேச்சுரிமை பெறலாம் என்று ஆராய்ந்தார்.

டென்மார்க்கில் அந்த வேலை ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்தது. 1977இல் 'ஜனநாயகம், வளர்ச்சி, கணினி' என்று பொருள்படும் ஒரு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. டெனிஷ் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'டி.யு.ஈ.' என்று அழைத்தார்கள். ஒரு மென்பொருள் திட்டத்தின் பெயரில் ஜனநாயகம் என்ற சொல் முதலாவதாக வந்ததைக் கவனியுங்கள்.

மட்டைப் பெட்டியில் செய்த கணினி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

1981இல் 'உத்தோப்பியா' என்ற திட்டம் ஆரம்பமானது. நோர்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கமும், ஸ்டொக்ஹோமிலும் ஓர்ஹூஸிலும் இருந்த ஆய்வாளர்களும் இதில் சேர்ந்தார்கள். டென்மார்க் பக்கத்திலிருந்து மோர்ட்டன் கியுங், சுசான போட்கர் போன்றவர்கள். சுவீடன் பக்கத்திலிருந்து பெலே ஏன். அவருடைய குடும்பப் பெயர் உண்மையாகவே 'ஏன்' தான். எல்லாப் பொறியியலாளருக்கும் நடுப்பெயராக அதை வைத்துவிடலாம்.

பத்திரிகைப் பக்கத்தைத் திரையில் வடிவமைக்க ஒரு நல்ல கருவி வேண்டும், அதைத் தொழிலாளர்களே சேர்ந்து உருவாக்க வேண்டும் என்பது நோக்கம். முதலில் பொறியியலாளர்கள் தங்கள் வழக்கப்படி வரைபடமும் அட்டவணையுமாக விளக்கிப் பார்த்தார்கள். அது அச்சுக் கோர்ப்பவர்களுக்கு ஒட்டவில்லை. அவர்களுடைய அறிவு கையில் இருந்தது, கடதாசியில் இல்லை.

அதனால் ஒட்டுப்பலகையாலும் காட்போட் மட்டையாலும் பொம்மைக் கணினிகள் செய்தார்கள். திரைக்குப் பதிலாகக் கடதாசி. ஒரு வெறும் பெட்டியின் மேல் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதி மேசையில் வைத்தார்கள். பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை! ஆனால் அனுபவமுள்ள ஒரு தொழிலாளி அதற்கு முன்னால் உட்கார்ந்து, வழக்கமான வேலையைச் செய்வதுபோல் கையை நீட்டும்போது, "இது இங்கே இருந்தால் சரிவராது, அந்தப் பக்கம் வை" என்று சொல்ல முடிந்தது. மட்டை என்பதால் யாருக்கும் பயமில்லை. பிடிக்காததைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டலாம்.

சந்தையில் அந்தத் திட்டத்தால் பெரிய வெற்றி வரவில்லை. ஆனால் அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. இன்று வடிவமைப்பு படிக்கிற மாணவர்கள் கடதாசியில் செயலியின் திரைகளை வரைந்து சோதிக்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று அந்த மட்டைப் பெட்டிகள்தான். பத்து வருடத்துக்கு ஒரு முறை ஓர்ஹூஸில் இதற்கென்றே ஒரு மாநாடு நடக்கிறது. 1985இல் அங்கே கணினியும் ஜனநாயகமும் பேசப்பட்டன.

அந்த வருடங்களை இன்னொரு முறை பாருங்கள். 1980களின் நடுப்பகுதி. எங்கள் பெற்றோரில் பலர் இந்த நாட்டுக்கு வந்து, மொழி தெரியாமல், தொழிற்சாலையிலும் துப்பரவு வேலையிலும் கால் வைத்த காலமும் அதுதான்.

ஐந்து பேர் போதும்

அந்தக் காலத்திலேயே இன்னொரு பாதையும் டென்மார்க்கில் பிறந்தது. யாகொப் நீல்சன் 1957இல் கோப்பன்ஹேகனில் பிறந்தவர், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நிறுவனங்கள் சோதனை செய்யாததற்குக் காரணம் செலவு என்று அவர் கண்டார். பெரிய ஆய்வுகூடம், நிறைய ஆட்கள், நீண்ட அறிக்கை எல்லாம் வேண்டும் என்று சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள். 1989இல் மலிவான சோதனை முறையை முன்வைத்தார். அடுத்த வருடம் அவரும் இன்னொரு டெனிஷ்காரரான ரோல்ஃப் மோலிக்கும் சேர்ந்து, ஒரு திரையை நிபுணர்கள் சில பொது விதிகளோடு ஒப்பிட்டுப் பரிசோதிக்கும் முறையை வெளியிட்டார்கள்.

1993இல் நீல்சனும் தொமஸ் லண்டௌவரும் ஒரு கணக்கைக் காட்டினார்கள். சராசரியாக ஒரு ஆள் பிழைகளில் 31 வீதத்தை வெளிக்கொண்டுவருகிறார் என்று வையுங்கள். 100 பிழை இருந்தால், முதல் ஆளுக்குப் பிறகு காணப்படாமல் இருப்பது 69. இரண்டாவது ஆளுக்குப் பிறகு 48. பிறகு 33, 23, ஐந்தாவது ஆளுக்குப் பிறகு 16. ஐந்து பேரோடு ஏறக்குறைய 85 வீதம் தெரிந்துவிடும். ஆறாவது ஆளைக் கூப்பிடுவதைவிட, கண்ட பிழையைத் திருத்திவிட்டு வேறு ஐந்து பேரோடு திரும்பச் சோதிப்பது இலாபம். 2000இல் நீல்சன் இதை ஒரு கட்டுரையாக எழுதிய பிறகு 'ஐந்து பேர்' எங்கள் தொழிலில் ஒரு பழமொழிபோல் ஆகிவிட்டது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2001இலேயே ஐந்து பேர் கிட்டவும் காணாது என்று வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மோலிக் 1990களின் கடைசியில் ஒரு வேலை செய்தார். ஹொட்மெயிலை ஒன்பது குழுக்களிடம் தனித்தனியாகச் சோதிக்கக் கொடுத்தார். மொத்தம் 310 பிழைகள் வந்தன. அதில் 75 வீதம் ஒரேயொரு குழுவின் கண்ணில் மட்டும் பட்டவை. யார் பார்க்கிறார்கள், யாரை உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

நீல்சனுக்கும் இது தெரியும். பாவிக்கிறவர்கள் ஒன்றுக்கொன்று வேறான குழுக்களாக இருந்தால் ஒவ்வொரு குழுவிலிருந்தும் மூன்று, நான்கு பேர் வேண்டும் என்று அதே கட்டுரையில் சொல்கிறார். ஆனால் பழமொழியாகும்போது அந்த வரி உதிர்ந்துவிட்டது. கணக்கைத் திரும்பப் பாருங்கள்: உங்கள் குழுவிலிருந்து ஒருவருமே உட்காராவிட்டால், உங்களுக்கு மட்டும் வருகிற பிழைகளில் 100க்கு 100உம் அப்படியே இருக்கும்.

நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்

எல்லோரையும் கூப்பிட்டுச் சோதிக்க முடியாது என்றால் என்ன செய்யலாம்? மென்பொருள் நிறுவனங்கள் கண்ட ஒரு வழி, பாவிக்கிறவரே மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது.

1991இல் வெண்டி மக்கே என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 51 பேர் தங்கள் மென்பொருளை எப்போது மாற்றுகிறார்கள், ஏன் மாற்றாமல் விடுகிறார்கள் என்று பார்த்தார். பெரிய தடை நேரமின்மை. இன்னொன்றும் கண்டார்: மாற்றுகிறவர்களில் பலர் புதிதாக ஒன்றைச் செய்ய மாற்றவில்லை. ஒரு புதிய பதிப்பு வந்து பழகியதைக் குழப்பியபோது, பழையதைத் திரும்பக் கொண்டுவரத்தான் மாற்றினார்கள்.

மைக்ரோசொஃப்ட் வேர்டில் பட்டைகளும் பொத்தான்களும் பெருகிக்கொண்டே போயின. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், அதிகம் பாவிக்காத கட்டளைகளை மெனு தானாகவே ஒளித்துவைத்தது. நேற்று இருந்தது இன்று காணவில்லை என்று ஆட்கள் எரிச்சலடைந்தார்கள். 2007ஆம் ஆண்டுப் பதிப்புக்காக அந்தக் குழு தங்கள் தரவைப் பார்த்தபோது, பட்டை மாற்றப்பட்ட நிலையில் ஓடிய அமர்வுகள் 100க்கு 2க்கும் குறைவு. அதனால் பழைய பட்டைகளை முழுவதுமாக எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரு ஒழுங்கை மேலே வைத்தார்கள். சொந்தமாக மாற்றியமைக்க ஒரு சின்ன வரிசை மட்டும் மிஞ்சியது. மாற்றிப் பழகிய அந்தச் சிலர் போட்ட சத்தத்துக்குப் பிறகு 2010இல் மாற்றும் வசதி திரும்ப வந்தது.

போனில் இந்தப் பிரச்சினை இன்னும் இறுக்கமானது. விரலால் பிழையில்லாமல் தொட ஒரு பொத்தானுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் இடம் வேண்டும். பெயரும் எழுதினால் ஒரு வரிசையில் ஐந்துக்கு மேல் வடிவாகப் பொருந்தாது. எந்த ஐந்து என்பது பெரிய அரசியல்! அதைத் தீர்மானிக்க முடியாதபோது வடிவமைப்பாளர் "மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதிவிடுகிறார். தன் வேலையை உங்கள் அம்மாவின் கையில் கொடுத்துவிடுகிறார்.

எங்கள் விசைப்பலகையின் கதை

எந்த எழுத்துக்கு முன்னிடம் என்ற கேள்வி தமிழுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை செய்த இராமலிங்கம் முத்தையா, தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் தந்தை என்று சொல்லப்படுகிறவர். தமிழில் 247 எழுத்துகள். இயந்திரத்தில் இருந்ததோ சில பத்து விசைகள். எதைத் தனி விசையில் வைப்பது, எதை இரண்டு தட்டில் சேர்ப்பது என்று தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அதற்குப் பிறகு எழுத்தைத் தட்டினால் புள்ளி அதன் தலையில் சரியாக உட்காரும். இயந்திரங்கள் ஜேர்மனியில் செய்விக்கப்பட்டன.

கணினிக்கு 1999இல் 'தமிழ் 99' என்ற விசைப்பலகை தரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2005இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் கைத்தொலைபேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. 2013இல் ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகை வந்தது.

ஆனாலும் டென்மார்க்கில் வாங்குகிற போனில் அது தானாக முன்னால் வராது. அமைப்புகளுக்குள் போய், ஒன்றன் பின் ஒன்றாகச் சில பக்கங்களைத் திறந்து, சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டில் அம்மம்மாவின் போனில் அதைச் சேர்த்தது யார்? பெரும்பாலும் நீங்கள்தான். சேர்த்துக் கொடுக்க ஆளில்லாத வீட்டில் அம்மம்மா குரல் பதிவு அனுப்புகிறா, அல்லது ஒன்றுமே எழுதாமல் விடுகிறா.

மக்கே இதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். மாற்றியமைப்பதை மற்றவர்களுக்குப் புரியும்படி கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களை அவர் 'மொழிபெயர்ப்பாளர்' என்றார். கொம்யூனிலிருந்து வந்த கடிதத்தை எட்டு வயதில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டிய உங்களுக்கு இந்த வேலை புதிதா என்ன? 2014 நவம்பரிலிருந்து அந்தக் கடிதங்கள் எல்லாம் டிஜிட்டல் தபாலாகிவிட்டன. வாசிக்கிற ஆள் மட்டும் மாறவில்லை.

ஒரு சோதனையில் கண்டது

துப்பரவு வேலை செய்பவர்கள் தங்கள் வேலை நேரத்தைப் பதிவதற்கான ஒரு செயலியைச் சோதிக்க ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம். அடியில் ஐந்து பொத்தான்கள். ஒன்றை அழுத்திப் பிடித்தால் எல்லாம் நடுங்கத் தொடங்கும், பிறகு இழுத்து இடம் மாற்றலாம். சோதனைக்கு அவர்கள் தந்த ஐந்து பேரும் தலைமை அலுவலக ஆட்கள். எல்லோரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். "பிரச்சினை இல்லைதானே?" என்றார் பொறுப்பாளர்.

துடைப்பம் பிடிக்கிற மூன்று பேராவது வேண்டும் என்று நான் விடாமல் கேட்டேன். வந்தார்கள். அழுத்திப் பிடிக்கலாம் என்பதையே மூன்று பேரில் ஒருவரும் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. பொத்தான்கள் நடுங்கியதும் ஒருவர் போன் பழுதாகிவிட்டது என்று மேசையில் வைத்துவிட்டார். எங்கள் ஊர் அன்ரி ஒருவர் ஒரு பொத்தானைப் பட்டையிலிருந்து எடுக்கப் பயந்தா. ஏன் என்று கேட்டேன். "எடுத்தால் நான் பதிஞ்ச மணித்தியாலமும் அழிஞ்சு போகுமோ தம்பி?" என்றா.

அது பிழையான கேள்வி இல்லை. அவவுக்கு அந்த மணித்தியாலம்தான் சம்பளம். பொத்தானை எடுப்பதும் அதற்குள் இருப்பதை அழிப்பதும் வேறு வேறு என்று திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பிறகு மாற்றினோம். வேலைக்கு ஏற்றபடி பொத்தான்கள் முதலிலிருந்தே சரியான ஒழுங்கில் வந்தன. 'மாற்று' என்ற சொல்லோடு ஒரு பொத்தான் வைத்தோம். இழுக்க முடியாதவர்களுக்கு மேலே, கீழே அம்புக்குறி. பழையபடி ஆக்க ஒரு வழி. எடுத்தால் பதிவு அழியாது என்று ஒரு வரி. 2023இல் வெளியான இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2 பதிப்பும் இதைத்தான் கேட்கிறது: இழுத்துச் செய்கிற எதற்கும் இழுக்காமல் செய்ய ஒரு வழி இருக்க வேண்டும்.

போனைப் பறிக்காதீர்கள்

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை அம்மா "இதை ஒருக்காப் பார்" என்று போனை நீட்டும்போது, வாங்கி ஐந்து நொடியில் செய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருங்கள். "என்ன செய்யப் பார்க்கிறீங்கள்?" என்று மட்டும் கேளுங்கள். மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். விரல் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டிருங்கள். இதுதான் கடினமான பகுதி. பிறகு எழுதி வையுங்கள்.

அது ஒரு முழுமையான பயன்பாட்டுச் சோதனை. மட்டைப் பெட்டிக்கு முன்னால் அச்சுக் கோர்ப்பவரை உட்கார வைத்து ஓர்ஹூஸ்காரர்கள் செய்ததும், ஆய்வுகூடம் இல்லாமல் செய்யலாம் என்று நீல்சன் சொன்னதும் இதுதான். எழுதியதைச் செயலியின் கருத்துப் பெட்டியில் டெனிஷ் மொழியில் அனுப்புங்கள். உங்களுக்கு அந்த மொழி வரும். அம்மாவுக்கு வராதது அதுதான், வேலை தெரியாமல் இல்லை.

உங்களில் சிலர் நாளைக்கு இந்தத் தொழிலுக்கே வருவீர்கள். கூட்டத்தில் யாராவது "ஐந்து பேரோடு சோதித்துவிட்டோம்" என்று சொல்லும்போது, அந்த ஐந்து பேர் யார் என்று கேளுங்கள். அச்சுத் தொழிலாளர்கள் இந்த நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள், அதனால் மேசையில் அவர்களுக்கு ஒரு கதிரை கிடைத்தது. அடுத்த கதிரையை இழுத்துப் போடுகிற ஆளாக நீங்கள் இருக்கலாம்.